சாயம் நிற்காத கோப்பை

கரடிக்கல் தோட்டத்தின் மேற்பிரிவில், பெருமழை தொடங்கப்போகிற ஒரு காலையில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ரெங்கனுடைய கோப்பையில் தேத்தண்ணி தண்ணீராகிப் போனது. மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தேத்தண்ணி காய்ச்சிக் கொண்டுபோகிற யோகராணி வாளியிலிருந்து மொண்டு ஊற்றியபோது, அது எல்லோருக்கும் விழுந்ததுபோலவே கறுத்துச் சிவந்து ஆவி பறக்கத்தான் விழுந்தது; ரெங்கன் கைக்குப் போனதும் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கி, அவன் உள்ளங்கையில் வாங்கிய சீனியை ஒரு தரம் நக்குவதற்குள், கோப்பையின் அடியில் இருந்த கீறல் தெரியும் அளவுக்குத் தெளிந்துவிட்டது. ரெங்கன் மோந்து பார்த்தான், ஒரு வாய் குடித்தான், ருசியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இந்த முறை தோட்டத்தில் கொடுத்த தூள்தான் மோசம் என்றான், மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அவன் வரவில்லை, வரமாட்டான் என்று செய்திதான் வந்தது.

அடுத்தது கோயில் பூசாரி. அவருக்குத் தெளிந்த பிறகு ஒரு வாரம் தவணை கிடைத்தது. அதற்கடுத்து, பிள்ளைகளின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார், படித்தவர், கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஆவி, அழுத்தம், கண்ணாடிப் பூச்சு என்று ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னார், விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, மாதக் கடைசியில் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு கரடிக்கல்லில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. சாயம் நிற்கிற கை இருக்கப்போகிறது, சாயம் நிற்காத கை போகப்போகிறது, அவ்வளவுதான். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டா குடை பிடிக்கிறோம்?

ஆனால் பழக்கவழக்கம் எல்லாம் தலைகீழானது. முதலில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலிருந்து கண்ணாடிக் குவளைகள் காணாமல் போயின. சிரட்டையில் குடித்தார்கள், அடி கறுத்த தகரக் குவளையில் குடித்தார்கள், அதுவும் பயமென்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள், கண்ணை மூடவும் பயந்தவர்கள் வெறும் தேத்தண்ணியையே விட்டுவிட்டுப் பால்மாவைக் கரைத்துக் கெட்டியாகக் குடிக்கத் தொடங்கியதில் கடைக்காரர் புதிதாக ஒரு கூரையே போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவரை 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்று கூப்பிடுவது மரியாதையாக இருந்த காலம் போய், அப்படிக் கூப்பிட்டால் 'என்மேல ஒங்களுக்கு என்னா கோவம்?' என்று முறைக்கிற காலம் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் முகத்தை எவனும் பார்க்கவில்லை, அவள் கையில் இருந்த குவளையைப் பார்த்தான். மாப்பிள்ளை கையில் இருந்ததைப் பெண்ணின் சித்திமார் நான்கு பக்கமும் நின்று பார்த்தார்கள். ஒருவனுக்குத் தெளிந்துவிட்டது என்று தெரிந்தால், அன்று மாலையே அக்கம்பக்கத்தார் கோழி அடித்துக் குழம்பு வைத்து எடுத்துப்போய், பழைய சண்டையெல்லாம் பேசித் தீர்த்து, அழுது, கட்டிப்பிடித்து, திரும்பி வரும் வழியில் அவனுடைய லயக் காம்பராவை இனி யாருக்குக் கொடுப்பது என்று கங்காணியிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். தோட்டத்துத் துரையும் சும்மா இருக்கவில்லை. பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டு எல்லோருக்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றச் சொல்லி, தெளிந்தவர்களை மலைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பினார். செத்தால் வீட்டில் சாகட்டும், சரிவில் செத்தால் வேலை கெட்டுப்போகிறது என்பது அவர் கணக்கு. சங்கத்துத் தலைவர் வந்து மேசையில் அடித்துப் பேசி, தெளிந்தவனுக்கும் அரை நாள் சம்பளம் உண்டு என்று வாங்கிக் கொடுத்தார், மாலை போட்டார்கள், இறங்கும்போது அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தார்கள், அவர் அதைத் தொடாமலே ஜீப்பில் ஏறினார். பிறகு துரையின் மேசையையும் யாரும் மதிக்கவில்லை, அதுவும் ஒரு நாள் மழையில் நனைந்து கால் உடைந்து கிடந்தது.

ஒன்றை மட்டும் யாரும் மாற்றவில்லை. தேத்தண்ணியை மண்ணில் கொட்டமாட்டார்கள். கொழுந்து பறிக்கிற கை தேத்தண்ணியைத் தரையில் ஊற்றினால் மலை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது கரடிக்கல்லில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வாய் வைத்தாயா, குடித்துத் தீர். வாய் வைக்கவில்லையா, வந்த பாத்திரத்திலேயே திருப்பி ஊற்று. தெளிந்ததைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட, ரெங்கனைப்போல, அழுதுகொண்டாவது குடித்துத்தான் தீர்த்தார்கள்.

யோகராணியின் புருஷன் நாகலிங்கம் இந்தப் பயம் எதிலும் சேராதவன். தொழிற்சாலையில் தேயிலையை ருசி பார்க்கிற அறையில் தண்ணீர் கொதிக்க வைப்பதும் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பதும் அவன் வேலை. ருசி பார்க்கிற ஐயாமார் உறிஞ்சி உறிஞ்சித் துப்பிவிட்டுப் போன பிறகு, பாத்திரத்தில் நிற்கிற மிச்சத்தையெல்லாம் துப்பாமல் குடிக்கிறவன் அவன். அங்கே விளிம்பு உடைந்து ஒதுக்கிய ஒரு வெள்ளைக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊரே சிரட்டைக்கு மாறிய பிறகும் அதில்தான் குடித்தான். 'நெறம் பாக்காம குடிக்கிறதுக்குக் கசாயம் குடிக்கலாமே' என்பான். பீலிக் குழாயில் விழுகிற ஊற்றுத் தண்ணீரை அப்போதுதான் பிடித்து வர வேண்டும், ஒரு தரம் கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தால் அது செத்த தண்ணீர், கெண்டியை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்க வேண்டும், தூள் டப்பாவைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, இஞ்சியைத் தோலோடு நசுக்க வேண்டும், ஏலக்காயை இறக்குகிற நேரத்தில்தான் போட வேண்டும், வடிகட்டியில் நிற்கிற சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்தால் அது கொலை. யோகராணி வாளித் தேத்தண்ணிக்கு இதில் ஒன்றையும் செய்யமாட்டாள், அழுத்திப் பிழிவாள்.

"ஒங்களுக்கு ஒரு தேத்தண்ணி போடுறதுக்கு நாலு கோயில்ல பூச பண்ணிட்டு வந்துறலாம்" என்பாள்.

"பூச பண்ணினா சாமி நல்லாருக்குன்னு சொல்லுமா? நான் சொல்லுவேன்" என்பான் அவன்.

பிள்ளைகள் இல்லாத வீடு. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் வேறு ஆளில்லை. அவன் இல்லாமல் தான் எதற்கு விடியற்காலையில் எழுந்து அடுப்பை மூட்ட வேண்டும் என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

மழை இன்னும் வலுத்த பிறகு ஒரு காலையில், மலைக்குக் கொண்டுபோகிற வாளி அடுப்படியில் ஆவி விட்டுக்கொண்டிருக்க, அதிலிருந்தே முதல் கோப்பையை மொண்டு அவனிடம் நீட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறதே என்று குறைபட்டுக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாங்கினான். வாங்கிய கையில் கோப்பை வெளுத்தது. அடியில் இருந்த தொழிற்சாலை முத்திரை அவளைப் பார்த்தது.

அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். "ஈ விழுந்துருச்சுங்க!"

"இந்த மழையில ஏது புள்ள ஈ?"

"ஒங்க தேத்தண்ணிக்குன்னா எங்கருந்தாவது வரும்."

சொல்லிக்கொண்டே திரும்பிய வேகத்தில், பிறந்ததிலிருந்து பழகிய கை, வாய் வைக்காத தேத்தண்ணியை வந்த வாளியிலேயே ஊற்றிவிட்டது. அடுத்த கோப்பையை மொண்டு, கண்ணை எடுக்காமல் அவன் கையில் கொடுத்தாள். நின்றது. கறுத்து, ஓரத்தில் செம்பு நிறம் காட்டி, எந்தக் குறையும் இல்லாமல் நின்றது. அவன் சத்தம் போட்டு உறிஞ்சி, "இன்னைக்கு நல்லா எறங்கியிருக்கு" என்று தலையை ஆட்டினான். அவள் வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக மலை ஏறினாள்.

மேலே, கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் சூழ்ந்தார்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பவளக்கொடிதான் முதலில் சொன்னாள்.

"என்னாக்கா, இன்னைக்குத் தூள மிச்சம் புடிச்சிட்டீங்களா? தண்ணியா இருக்கே."

யோகராணி பார்த்தாள். ஒருவர் விடாமல் எல்லோருடைய கையிலும் தேத்தண்ணி ஒரு படி வெளுத்திருந்தது. தெளியவில்லை, வெளுத்துத்தான் இருந்தது. பவளக்கொடி, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த கைக்குழந்தைக்குப் பாலூட்டப் போகிறவள், போகும்போது ஒரு விரலைத் தேத்தண்ணியில் தொட்டுக்கொண்டு போய்ப் பிள்ளையின் உதட்டில் வைப்பது அவள் வழக்கம். அன்றும் தொட்டுக்கொண்டு ஓடினாள்.

கரண்டியைப் பிடித்தபடி யோகராணி நின்றாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. இறங்கி ஓட வேண்டும், கங்காணி காலில் விழ வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. ஆளுக்கு ஒரு சொட்டுத்தானே? முழுச்சாவை ஒருவன் தலையில் வைத்தால் அவன் போய்விடுவான், ஒரு மலைக்கே பங்கு வைத்தால் யாருக்கு என்ன வந்துவிடும், ஒரு தும்மல் வரும், ஒரு பல்வலி வரும். இப்படி நினைத்ததும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் அவளைப் பயமுறுத்தியது, ஆனாலும் அதை விடவில்லை.

மறுநாளும் அவன் கையில் வெளுத்தது. மறுநாளும் ஏதோ சொல்லிப் பிடுங்கி வாளியில் ஊற்றினாள். தூசி என்றாள், முடி என்றாள், சூடு பத்தாது என்றாள். திருப்பி ஊற்றியதும் அடுத்த கோப்பை நின்றது. ஞாயிற்றுக்கிழமைதான் வழியில்லாமல் போனது, அன்று மலைக்கு வாளி கிடையாது. யோசித்து யோசித்து, அவன் தொழிற்சாலையிலிருந்து சிட்டிகை சிட்டிகையாகக் கொண்டுவந்து சேர்த்திருந்த டப்பாக்களைக் கேட்டாள், நிறமே இல்லாத தேத்தண்ணியாகப் போடக் கற்றுக்கொடுங்கள் என்றாள். நிறமில்லாததில் நிறம் போனால் யாருக்குத் தெரியும்?

நாகலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டி வந்த நாளிலிருந்து தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள் கேட்கிறாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளி மயிர் படர்ந்த மொட்டுக் கொழுந்தை உள்ளங்கையில் விரித்துக் காட்டினான். "இது வெயில் ஏறுறதுக்கு முந்தி கிள்ளுறது. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா அவிஞ்சு போயிரும். தண்ணிய எறக்கி வச்சு, அது கொஞ்சம் மூச்சு விட்டதும் ஊத்தணும். ஊத்திட்டு மூடி வச்சுட்டு சும்மா இருக்கணும், தூக்கித் தூக்கிப் பாக்கக் கூடாது." அடுத்த ஞாயிறு பச்சைத் தேயிலை. அது இன்னும் கோபக்காரி, கொஞ்சம் கூடுதலாக ஊறினாலும் கசந்து பழிவாங்கும் என்றான். மழை கூரைத் தகரத்தில் கொட்ட, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மலையில் முளைத்தும் மலையில் யாரும் குடிக்காத அந்தத் தேத்தண்ணிகளைக் குடித்தார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறுகள் இருந்ததில்லை, அவ்வளவு பயந்த ஞாயிறுகளும் இருந்ததில்லை. மாலைக்குள் அவனுக்கு உதடு நீலம் பாரிக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். திங்கட்கிழமை காலை வாளி வரும்வரை அவள் அவன் நெஞ்சில் கை வைத்தபடி இருப்பாள்.

ஒரு ஞாயிறு அவன் கோப்பையை நெடுநேரம் பார்த்தான். "ரொம்பத்தான் வெளுப்பு" என்றான்.

"இதோட நெறமே இதுதானேங்க?"

"ம். ருசி நல்லாருக்கு" என்று சொல்லி முழுவதையும் குடித்தான்.

மலையில் தேத்தண்ணி நாளுக்கு நாள் வெளுத்தது. செபமாலைக் கங்காணி தூள் டப்பாவை மாற்றினார், கடையிலிருந்து வேறு தூள் வாங்கிக் கொடுத்தார், வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னார். யாரும் சாகவில்லை. அதனால் யாரும் பயப்படவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிற தேத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமாகவே பழகிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கனவு வந்தது, மண் தின்கிற கனவு. அதையும் கூடையை இறக்கி வைக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் பறித்துக்கொண்டிருந்த சரிவுக்கு மேலே, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில், ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. முதலில் கை நுழையும் அளவு இருந்தது, பிறகு ஆள் இறங்கும் அளவு. மழைத் தண்ணீர் அதற்குள் போனது, வெளியே வரும் இடம் தெரியவில்லை.

மழை ஓயாமல் அடித்த வாரத்தின் கடைசியில், அந்தச் சரிவின் அடியில், சாக்குகளைத் தலையில் போர்த்திக்கொண்டு எல்லோரும் தேத்தண்ணிக்கு நின்றார்கள். யோகராணி ஊற்றிக்கொண்டே வந்தாள். ஊற்ற ஊற்றத் தெளிந்தது. பவளக்கொடிக்குத் தெளிந்தது, அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத் தெளிந்தது, வரிசை முழுக்கத் தெளிந்தது, கங்காணிக்கும் தெளிந்தது, கடைசியில் தனக்கு மொண்டுகொண்ட தகரக் குவளையில் அடியில் இருந்த கறுப்பு தெரிந்தது. வாளியில் இருந்ததும் வெறும் தண்ணீர். பிறகு செபமாலைக் கங்காணி தன் குவளையைப் பார்த்தார், எல்லோருடையதையும் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எல்லாருக்குமா ஒரே நேரத்துல வரும்? அடியே, இது சாவு இல்ல, தூளுதான்!"

அப்பாடா என்று மலையே சிரித்தது. ஒருத்தி துரையின் குரலில் பேசிக் காட்டினாள், இன்னொருத்தி அவளை அடித்தாள். பவளக்கொடி விரலைத் தேத்தண்ணியில் தொட்டாள்.

"குடிக்காதீங்க" என்றாள் யோகராணி. "எல்லாரும் கீழ எறங்கிப் போயிருங்க."

"ஏன்க்கா?"

யோகராணி கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு, மேலே இருந்த வெடிப்பைப் பார்த்தாள். சொன்னால் நாளைக் காலையில் அவன் கோப்பையை எங்கே ஊற்றுவது?

அப்போதுதான் கீழிருந்து, தொழிற்சாலையில் மின்சாரம் போனதென்று, அவளுக்கு ஒரு தார்ப்பாய் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாகலிங்கம் ஏறி வந்தான். கையில் அவனுடைய வெள்ளைக் கோப்பையும் இருந்தது. பவளக்கொடி சிரிப்பு மாறாமல், "வாங்கண்ணே, நீங்களும் வெள்ளத் தேத்தண்ணி குடிங்க" என்று கரண்டியை எடுத்து அவன் கோப்பையில் ஊற்றினாள்.

வாளியிலிருந்து தண்ணீராக விழுந்தது, அவன் கையில் கறுத்தது. கறுத்து, சிவந்து, ஓரத்தில் செம்பு நிறம் காட்டி நின்றது.

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. எல்லோரும் அந்தக் கோப்பையைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் குவளைகளைப் பார்த்தார்கள், பிறகு யோகராணியைப் பார்த்தார்கள். மேலே வெடிப்புக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"ஈயெல்லாம் எங்க போய் விழுந்துச்சு புள்ள?" என்று நாகலிங்கம் மெதுவாகக் கேட்டான். "எல்லாம் இந்த வாளியிலயா?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் திட்டவில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் ஆழமாக மோந்தான், அதைவிட்டுப் பிரிய மனமில்லாதவன் முகம் அவனுக்கு. "நான் வாய் வைக்கல" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. வாய் வைக்காததை வந்த பாத்திரத்தில் ஊற்றினான்.

வாளி அடியிலிருந்து கறுத்து வந்தது. குவளைகளிலும் ஏறியது, சிரட்டைகளில் ஏறியது, பவளக்கொடியின் விரல் நுனியில் தொங்கிய சொட்டிலும் ஏறியது. வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று யோகராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவனோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நின்றார்கள், அவன் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளைகளின் தாய்கள் நின்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. நிறம் மறுபடி மாறிவிடுமோ என்று அவசரம் அவசரமாக, வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்தார்கள். குடித்தவர்கள் அவனைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு விலகி நின்றார்கள்.

நாகலிங்கம் காலிக் கோப்பையை அவளிடம் நீட்டினான். "எனக்கு ஊத்து."

"ஏலாதுங்க."

"கைய நீட்டினவனுக்கு இல்லன்னு சொல்லுவியா?"

செபமாலைக் கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஊத்தும்மா, நேரமாகுது, எல்லாரும் எறங்கணும்" என்றார்.

அவள் ஊற்றினாள். கரண்டியிலிருந்து கறுப்பாக இறங்கியது அவன் கைக்குள் போனதும் வெளுத்துத் தெளிந்தது. மழைத்துளிகள் அதில் விழுவது அடிவரை தெரிந்தது. அவன் வழக்கம்போலச் சத்தம் போட்டு உறிஞ்சினான்.

"கொஞ்சம் பிழிஞ்சுட்ட" என்றான். "ஆனா நல்லாருக்கு."

பிறகு அவள் கையில் இருந்த குவளையைப் பார்த்தான். அது கறுத்துச் சிவந்து, அவள் இதுவரை காய்ச்சிய எந்தத் தேத்தண்ணியிலும் வராத நிறத்தில் இருந்தது.

"ஒன்னோடது ஆறுது புள்ள" என்றான். "குடி."

அவள் குடித்தாள்.